தினமும் மூன்று வேளையும் புழங்க எந்தத் தட்டு வாங்கலாம்?

கோயம்புத்தூரில் இருந்து ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது. வீட்டில் ஆறு பேர்: மாமனார், மாமியார், கணவர், இவர், ஒன்பது வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள். கல்யாணத்துக்குப் பரிசாக வந்த பீங்கான் செட்டில் இன்று மிஞ்சியிருப்பது மூன்றே தட்டு. அப்புறம் வாங்கிய மெலமைன் தட்டுகள் இரண்டு வருஷத்தில் மஞ்சளாகிவிட்டன. "திரும்பத் திரும்ப வாங்காமல் பல வருஷம் ஓட எதை எடுப்பது? எவர்சில்வரா, ஓப்பல் கண்ணாடியா, ஸ்டோன்வேரா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்" என்கிறார்.

கும்பகோணத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பாத்திரக்கடை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று தட்டு விற்றிருக்கிறேன். உடைந்ததையும் ஒடுக்கு விழுந்ததையும் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தவர்களிடமும் பேசியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். தினசரிப் புழக்கத்துக்குக் கனமான எவர்சில்வர் தட்டு ஆளுக்கு ஒன்றும், கூடுதலாக இரண்டும் எடுங்கள். விருந்தாளி வரும்போதும், மைக்ரோவேவில் சூடு பண்ணவும், வெள்ளை வெளேரென்ற சாதா ஓப்பல் தட்டு எட்டு, தனித்தனியாக எடுங்கள். மெலமைனை மெதுவாகக் கழித்துவிடுங்கள். ஸ்டோன்வேர் ஆசை இருந்தால் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏன் என்பதுதான் நீளமான கதை.

தட்டு வாங்குகிறவர்கள் எல்லாரும் சாப்பிடும் நேரத்தை மனசில் வைத்து வாங்குகிறார்கள். சாப்பிடும்போது உடைந்த தட்டு ரொம்பக் குறைவு. உடைவது சிங்க்கில். ராத்திரி பத்துப் பாத்திரம் குவிகிறது. அடியில் தட்டு, அதன்மேல் குக்கர் மூடி, அதன்மேல் இரும்புக் கடாய். காலையில் ஒருவர் அவசரமாக அடியில் இருப்பதை உருவுகிறார். இல்லையென்றால் சோப்புக் கையில் வழுக்கிக் குழாயின் மூக்கில் விளிம்பு இடிக்கிறது. அதனால் கடைக்குப் போகும் முன் உங்கள் வீட்டில் பாத்திரம் யார் தேய்க்கிறார்கள், எப்போது தேய்க்கிறார்கள், எதைப் போட்டுத் தேய்க்கிறார்கள், குழாயில் வருவது நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா என்று யோசியுங்கள். இந்த நாலு கேள்விக்கும் பதில் தெரிந்தால் பாதித் தட்டுகள் தாமாகவே கழிந்துவிடும்.

எவர்சில்வரில் இருந்து தொடங்குகிறேன். இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது, ஏமாறவும் நிறைய இடம் இருக்கிறது.

எவர்சில்வர் நீடித்து உழைப்பதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் குரோமியம். காற்றுப் பட்டதும் மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. கீறினாலும் அது தானாகவே மறுபடி மூடிக்கொள்ளும். 304 என்ற ரகத்தில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம். 18/8 என்று அடியில் பொறித்திருப்பது இதைத்தான். நிக்கல் விலை கூடிய உலோகம் என்பதால் அதைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்வது 200 வரிசை. கடைகளில் 202 என்றும் ஜே4 என்றும் சொல்வார்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பளபளப்பான தட்டுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

"காந்தம் ஒட்டுகிறதா பாருங்கள், ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர்" என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்பிக் காந்தத்தோடு கடைக்கு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 304-இலும் காந்தம் ஒட்டாது, 202-இலும் ஒட்டாது. அதனால் இந்த இரண்டையும் காந்தத்தால் பிரிக்க முடியாது. நிக்கல் இல்லாத 430 ரகத்தில் மட்டும் நன்றாக ஒட்டும். இன்னொரு வேடிக்கை, நல்ல 304 தட்டிலேயே அழுத்தி வளைத்த விளிம்பில் மட்டும் லேசாக ஒட்டலாம். அதைப் பார்த்து நல்ல தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பிரித்துப் பார்க்க வேறு வழி இருக்கிறது. ஒரு சொட்டு சோதனைத் திரவம் விட்டுச் சின்ன பேட்டரியைத் தொட்டால், மாங்கனீசு அதிகமுள்ள தட்டில் அந்த இடம் சிவக்கும். பெரிய கடைகளில் கேட்டால் செய்து காட்டுவார்கள். 2024-இல் மத்திய அரசு எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி ஆணை போட்டது. அதற்கான தர எண் ஐ.எஸ். 14756. தட்டின் அடியிலோ அட்டையிலோ அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

202 வாங்கினால் தப்பா என்றால், தட்டைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல மாட்டேன். சாப்பாடு அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகிற இடம் அது. ஆனால் உங்கள் வீட்டில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால், இல்லை கடலோர ஊர் என்றால், 304 கொடுத்த காசுக்கு உழைக்கும். உப்புதான் எவர்சில்வரின் எதிரி. ஊறுகாயும் உப்பும் ஒட்டிய தட்டை ராத்திரி முழுக்க ஈரத்தோடு விட்டால் ஊசி குத்தினது போலக் கரும்புள்ளிகள் விழும். ஒரு தடவை விழுந்தால் போகாது. பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் ஊறப் போட்டாலும் இதே கதிதான்.

ரகத்தைவிட நான் முதலில் பார்ப்பது எடையை. தகட்டின் கனத்தை கேஜ் கணக்கில் சொல்வார்கள். எண் ஏற ஏறத் தகடு மெலியும். 22 கேஜ் சுமார் 0.7 மில்லிமீட்டர், 24 கேஜ் 0.55, 26 கேஜ் 0.45. விற்பனையாளர் சொல்லும் கேஜை நம்ப வேண்டாம், தராசில் போடச் சொல்லுங்கள். 11 அங்குலத் தட்டு 400 கிராமுக்குப் பக்கத்தில் இருந்தால் வாழ்நாளுக்கும் போதும். 330 கிராம் இருந்தாலும் வீட்டுப் புழக்கத்துக்குச் சரிதான். 250-க்குக் கீழே என்றால் கீழே வைத்துவிடுங்கள். தட்டை இரண்டு கையாலும் எதிரெதிர் விளிம்பில் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள். மெலிந்த தட்டு 'டக்' என்று நடுவில் குமிழி போல உள்ளே போய் வெளியே வரும். அப்படிப்பட்ட தட்டு ஒரே வருஷத்தில் அடி எழும்பி, தரையில் வைத்தால் பம்பரம் மாதிரி சுற்ற ஆரம்பிக்கும்.

அடுத்தது விளிம்பு. பல தட்டுகளில் கை வெட்டாமல் இருக்க விளிம்பை வெளிப்பக்கமாகச் சுருட்டி விட்டிருப்பார்கள். அந்தச் சுருள் முழுக்க மூடாமல் உள்ளே குழாய் மாதிரி வெற்றிடம் இருந்தால் அதற்குள் தண்ணீரும் சோப்பும் எண்ணெயும் போய் உட்காரும். கழுவிக் காய்ந்த பழைய தட்டு ஒன்றை எடுத்துச் செங்குத்தாகப் பிடித்து உதறிப் பாருங்கள். விளிம்பின் கீழ்ப்பக்கத்தில் இருந்து கறுத்த ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கும். சில நேரம் வாடையும் வரும். அதைப் பார்த்த அன்றே எங்கள் வீட்டில் இருந்த அந்த மாதிரித் தட்டுகளை எல்லாம் எடைக்குப் போட்டேன். வாங்கும்போது விளிம்பின் அடிப்பக்கம் நகத்தை ஓட்டுங்கள். நகம் உள்ளே நுழைந்தால் வேண்டாம். சுருட்டாமல் கனமான தகட்டின் ஓரத்தையே வழவழப்பாகத் தேய்த்து விட்டிருப்பது எல்லாவற்றிலும் நல்லது. அதற்குத் தகடு கனமாக இருந்தே ஆக வேண்டும் என்பதால், அந்த விளிம்பே நல்ல தட்டுக்கு அடையாளம்.

வடிவமும் முக்கியம். ஹோட்டல் பாணியில் அகலமாக, விளிம்பு படுத்து இருக்கிற தட்டு படத்துக்கு அழகு. நாம் ரசம் ஊற்றிப் பிசைந்து கையால் வழித்துச் சாப்பிடுகிறவர்கள். விளிம்பு ஒரு அங்குலமாவது நேராக எழும்பி, அடியும் விளிம்பும் சேருமிடம் உருண்டையாக வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் விரல் மூலை வரை போகும், பருக்கை தங்காது, நார் போட்டுத் தேய்ப்பதும் சுலபம். அறை வைத்த குழித்தட்டை நாலு வயதுக் குழந்தைக்கு ஒன்று வாங்கலாம், பொரியலும் சாம்பாரும் கலக்காமல் இருந்தால் குழந்தைகள் ஒழுங்காகச் சாப்பிடும். பெரியவர்களுக்கு வேண்டாம். அந்த மூலைகளைத் தேய்ப்பது தினமும் ஒரு வேலை.

எவர்சில்வருக்கு எதிராக நியாயமான இரண்டு குறை உண்டு. ஒன்று சத்தம். கீழே விழுந்தால் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும். இன்னொன்று சூடு. ஆவி பறக்கும் சாதத்தைப் போட்டால் தட்டும் சுடும், சாதமும் சீக்கிரம் ஆறும். மாமனார் மாமியார் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடும் பழக்கம் உள்ளவர்கள் என்றால் அவர்களுக்குக் கனமான தட்டு கையை வலிக்கும், சூடும் தொடையில் ஏறும். அவர்களுக்கு மட்டும் 10 அங்குலத்தில் 300 கிராம் அளவில் எடுங்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரித் தட்டுதான் வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை.

சரி, ஓப்பல் கண்ணாடி. பார்க்கப் பீங்கான் போல இருந்தாலும் முழுக்கக் கண்ணாடிதான். காய்ச்சும்போதே பால் நிறம் வரும்படி செய்து, அச்சில் அழுத்தி, பிறகு சூடாக்கித் திடீரென்று குளிர வைக்கிறார்கள். அதனால் மேல்பரப்பு இறுகி நெருக்கிக்கொண்டும் உள்பகுதி இழுபட்டுக்கொண்டும் இருக்கும். இந்த இறுக்கம்தான் அதன் பலம். தட்டையாக விழுந்தால் பல நேரம் பிழைத்துவிடும். துளை இல்லாத பரப்பு என்பதால் மஞ்சளும் எண்ணெயும் உள்ளே இறங்காது, புளிக்கும் அசையாது. மைக்ரோவேவிலும் வைக்கலாம், ஆனால் தங்கக்கோடோ வெள்ளிக்கோடோ போட்ட தட்டை வைத்தால் பொறி பறக்கும். மெல்லிசாக இருப்பதால் ஒரு டஜன் தட்டு ஒரு சாண் உயரத்துக்குள் அடங்கும்.

பலவீனம் விளிம்பில். சிங்க்கின் கிரானைட் ஓரத்தில் விளிம்பு நேராக இடித்தால் சில்லு பெயரும், இல்லையென்றால் முழுத் தட்டும் சிதறும். சிதறினால் சமையலறை முழுக்கப் போகும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இதை நினைவில் வையுங்கள். துடைப்பத்தால் கூட்டியபின் ஈரத் துணியை மடித்துத் தரையில் ஒற்றி எடுத்து, அந்தத் துணியையும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். இன்னொன்று: இன்றைக்கு இடித்ததற்கு நாளைக்கு உடையலாம். "சும்மா அலமாரியில் இருந்தது, தானாக வெடித்தது" என்று வருகிறவர்கள் பொய் சொல்வதில்லை. முன்பே விழுந்த நுண்ணிய கீறல் உள்ளுக்குள் இருந்த இறுக்கத்தை ஒருநாள் அவிழ்த்துவிடுகிறது. விளிம்பில் சில்லு பெயர்ந்த ஓப்பல் தட்டை, பார்க்க நன்றாக இருந்தாலும், சாப்பிட வைத்துக்கொள்ளாதீர்கள்.

கோரல் என்ற கண்ணாடித் தட்டு பற்றியும் கேட்பார்கள். அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1970-இல் கொண்டுவந்தது. அதில் கண்ணாடி மூன்று அடுக்காக ஒட்டியிருக்கும், நடு அடுக்கு வேறு கண்ணாடி. சாதா ஓப்பலைவிட மெலிசு, எடையும் குறைவு, அடியும் தாங்கும். விலை பல மடங்கு. கை வலி உள்ள பெரியவர்களுக்கு இரண்டு வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. ஆறு பேருக்கும் வாங்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

எந்தக் கண்ணாடியாக இருந்தாலும் சிங்க்கில் போடாமல் தனி பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு, முதலில் அதைக் கழுவி எடுத்துவிட்டால் ஆயுள் பல மடங்கு கூடும். வேலைக்கு வரும் அம்மாவிடம் ஒரு தடவை சொல்லிக் காட்டினால் போதும், இடம் பிரித்து வைக்காமல் அவர்மேல் குறை சொல்லக் கூடாது.

பீங்கான், ஸ்டோன்வேர் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் மண்தான், சுடும் வெப்பம்தான் வித்தியாசம். 1,100 டிகிரிக்குப் பக்கத்தில் சுட்டது நுண்துளை உள்ள மண்பாண்டம். மேலே பூச்சு இருந்தாலும் அடியில் தண்ணீரை உறிஞ்சும். 1,200 டிகிரிக்கு மேல் போனால் மண் உருகி இறுகி ஸ்டோன்வேர் ஆகும். அசல் பீங்கான் இன்னும் இறுகலானது. உங்கள் கல்யாணப் பரிசுத் தட்டுகளில் மிஞ்சிய மூன்றில் ஒன்றைத் திருப்பிப் போடுங்கள். அடியில் பூச்சு இல்லாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு முத்துப் போல நின்றால் நல்ல சூட்டில் வெந்தது. மை ஒற்றும் தாள் போல உறிஞ்சினால் பாதி வெந்தது. அந்த ரகம்தான் மைக்ரோவேவில் வைத்தால் சாப்பாடு ஆறியிருக்க, தட்டு மட்டும் கையைச் சுடும். உறிஞ்சிய தண்ணீர்தான் அங்கே கொதிக்கிறது. பூச்சில் மயிரிழை போல வலை வலையாக வெடிப்பு விழுவதும் அதில்தான். அந்த வெடிப்புக்குள் மஞ்சள் இறங்கினால் எதைப் போட்டாலும் போகாது.

சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, பீங்கானுக்கும் அதே வழிதான். உள்ளங்கையில் ஏந்தி விரல் நுனியால் சுண்டுங்கள். மணி போல நீண்டு ஒலித்தால் சரி. 'தொப்' என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் திருப்பிக் கொடுங்கள்.

நல்ல ஸ்டோன்வேர் நம் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறையின் வழியில் வந்த குயவர்கள் அந்த வட்டாரத்தில் நிறையப் பேர். அவர்கள் கையால் வனைந்த தட்டில் தயிர்சாதம் போட்டுச் சாப்பிடுவது தனி சுகம், எனக்கு மிகவும் பிடித்தமானது. வடக்கே உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவில் இருந்தும் விதவிதமாக வருகிறது. ஆனால் ஒரு தட்டு முக்கால் கிலோவுக்கு மேல் கனக்கும். ஆறு தட்டை அடுக்கித் தூக்குவது உங்கள் மாமியாரால் முடியாது. அடுக்கும்போது மேல் தட்டின் சொரசொரப்பான அடி கீழ்த் தட்டின் முகத்தைத் தேய்க்கும். நடுவே துணி வைக்க வேண்டும். தினம் மூன்று வேளை அதைச் செய்ய நமக்கு நேரம் இல்லை. உணவு படும் உள்பக்கத்தில் அடர் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் சாயம் பூசிய விலை மலிவான தட்டுகளைத் தவிருங்கள். அந்தச் சாயங்களில் ஈயமோ காட்மியமோ இருந்தால் புளியும் எலுமிச்சையும் அதைக் கரைத்து எடுக்கும். உள்ளே வெள்ளை, வெளியே வண்ணம் என்று எடுங்கள்.

வெள்ளைத் தட்டில் சாம்பல் நிறக் கோடுகள் விழுந்தால் பலரும் கீறல் என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறார்கள். பெரும்பாலும் அது கீறல் இல்லை, எவர்சில்வர் கரண்டியின் உலோகம் தட்டில் ஒட்டிக்கொண்ட தடம். சமையல் சோடாவைக் குழைத்து மெதுவாகத் தேய்த்தால் பெரும்பகுதி போய்விடும்.

மெலமைன் மஞ்சளானதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. அது மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிளாஸ்டிக். பச்சை நார் போட்டுத் தேய்க்கத் தேய்க்க மேலிருக்கும் வழவழப்பு போய், உள்ளே மஞ்சள் குடியேறிவிட்டது. கறையைவிடக் கவனிக்க வேண்டியது சூடு. ஜெர்மனியின் உணவுப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான பி.எஃப்.ஆர்., 70 டிகிரிக்கு மேல் சூடான உணவுக்கும் பானத்துக்கும் மெலமைன் வேண்டாம், மைக்ரோவேவில் வைக்கவே கூடாது என்று சொல்கிறது. நாம் தட்டில் போடும் இட்லியும் ஊற்றும் ரசமும் அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தாண்டும். புளிப்பும் சேர்ந்தால் இன்னும் அதிகம் கசியும். அதனால் மீதி இருக்கும் தட்டுகளை முறுக்கு, பழம், பிஸ்கட் வைக்க மாற்றுங்கள். பிள்ளைகளுக்குச் சூடான சாப்பாடு அதில் வேண்டாம்.

எதை வாங்கினாலும் செட்டாக வாங்காதீர்கள். 33 பீஸ் செட்டில் சூப் கிண்ணமும் அதற்கான கரண்டியும் நம் வீட்டில் பெட்டியை விட்டு வெளியே வராது. மூன்று சாப்பாட்டுத் தட்டு உடைந்தால் அந்தப் பூப்போட்ட வகை அப்போது கடையில் இருக்காது. பூ இல்லாத வெள்ளை ஓப்பல் தட்டு அடுத்த தீபாவளிக்கும் கிடைக்கும், அதற்கடுத்ததற்கும் கிடைக்கும். எவர்சில்வரில் இன்னொரு நன்மை, இருபது வருஷம் கழித்தும் எடைக்குப் போட்டுப் புதிதை எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான பாத்திரக்கடைகள் வாங்கிக்கொள்ளும்.

புது எவர்சில்வர் தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சோப்புப் போட்டு மட்டும் கழுவி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். பட்டறையில் மெருகேற்றிய பசை மேலே இருக்கும். ஒரு வெள்ளைத் துணியில் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தொட்டு அழுத்தித் துடையுங்கள், துணி கரியாகக் கறுக்கும். கறுப்பு வருவது நிற்கும் வரை துடைத்துவிட்டு, அப்புறம் சோப்பும் வெந்நீரும். ஸ்டிக்கர் பசைக்கும் அதே எண்ணெய்தான், தடவி ஒரு ராத்திரி விட்டால் காலையில் விரலாலேயே உரிந்துவிடும். தேய்ப்பதற்கு இரும்புக் கம்பி நார் வேண்டாம். அதன் துணுக்குகள் தட்டில் ஒட்டித் துருப்பிடிக்கும், தட்டே துருப்பிடித்துவிட்டது என்று நினைப்போம். உப்புத் தண்ணீரின் வெள்ளைப் படிவுக்கு எலுமிச்சை மூடியோ கொஞ்சம் வினிகரோ போதும்.

கடையில் பேர் வெட்டித் தருவார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். அம்மாவுக்குச் சீராக வந்த தட்டில் பேரும் 1974 என்ற வருஷமும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது, இன்றும் அதில்தான் அம்மா சாப்பிடுகிறார். ஆனால் அதை உள்பக்கம் நடுவில் வெட்டிவிட்டார்கள், எழுத்துக் குழிகளில் மாவும் பருப்பும் சிக்கும். உங்கள் தட்டுகளில் அடிப்பக்கம் வெட்டச் சொல்லுங்கள்.